நாற்காலிக்கு நேரே இருந்த டிக்

குமுதாவுக்கு ஆட்களின் முகம் அப்புறம்தான். அவர்கள் எதெதற்கு டிக் போடுவார்கள் என்பதுதான் முதலில் நினைவுக்கு வரும். "எந்த நஜ்வா? டவல், ரெண்டு பிளாக்கு, பெரிய தலகாணி, அவங்கதானே?" என்று கேட்பாள். அது சரியாகவும் இருக்கும்.

ஜார்ஜ் டவுனில் லிட்டில் இந்தியாவை ஒட்டி, ஒரு சேலைக்கடையின் மாடியில் யோகாவும் மூவ்மென்ட்டும் சொல்லிக்கொடுக்கிற ஸ்டூடியோ அது. முகப்பு மேசை, ஸ்டோர், துடைப்பம் மூன்றுக்கும் குமுதாதான். ஃபோனில் வகுப்புக்கு இடம் பிடிக்கிறவர்களுக்குக் கடைசியில் ஒரு பக்கம் திறக்கும். மேட், டவல், பிளாக், ஸ்ட்ராப், நீளத் தலையணை, நாற்காலி. வேண்டியதற்கு நேரே டிக் போட்டுவிட்டால் போதும், வகுப்புக்கு வரும்போது அவரவர் இடத்தில் அவரவர் சாமான் இருக்கும். சிலர் இருக்கிறார்களே, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி எல்லாவற்றையும் இலையில் வாங்கிக்கொள்வார்கள். கடைசியில் டவலால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். குமுதா வாயே திறக்கமாட்டாள். கேட்டதை வைப்பது அவள் வேலை, வைத்ததை வைத்து அவர்கள் என்ன செய்தால் அவளுக்கென்ன?

இந்தக் கறார் எல்லாம் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பழகியது. அங்கே ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இருபத்தோரு வருஷம் நின்றபடியே வேலை பார்த்தவள் அவள். ஷிப்ட் முடியும்போது தாளில் எத்தனை தட்டு என்று இருக்கிறதோ அத்தனை தட்டு மேசையில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மொத்த வரிசையும் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு நிற்கும். ஆட்குறைப்பு வந்து வெளியே வந்தபோது அவளுக்கு மிஞ்சியது ஒரு பாராட்டுப் பத்திரம், வலது முழங்காலில் ஒரு வலி, தாளும் தரையும் ஒத்துப்போயே ஆக வேண்டும் என்கிற பிடிவாதம். ஸ்டூடியோவில் கேட்ட சாமானை வைக்காமல் விட்டால் மாதக் கடைசிப் பட்டியலில் சிவப்பாகத் தெரியும். பதினான்கு மாதமாக குமுதாவின் பட்டியலில் ஒரு சிவப்புக்கூடக் கிடையாது. ஸ்டூடியோவின் முதலாளி ஷஹீராதான் மூவ்மென்ட் வகுப்பையும் நடத்துகிறாள். அவள் இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். கேட்கக் கேட்க குமுதாவுக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

சனிக்கிழமை ஒன்பது மணி வகுப்புக்குத் தவறாமல் வருகிறவர் வள்ளிநாயகி. அறுபத்தெட்டு வயது. தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். நில அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருஷம் கோப்புகளைக் கட்டி ஆண்டவர். எந்தக் கோப்பு எந்த அலமாரியில் எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாராம். "கம்ப்யூட்டர் வந்த பிறகும் என்னட்டத்தான் வந்து கேப்பினம்," என்று சொல்லும்போது அவருக்கு முதுகு தானாக நிமிரும். கணவர் போய்விட்டார், மகள் அனுஜா இருப்பது தூரத்தில், சுபாங்கில். கிரீன் லேன் பக்கம் தன் வீட்டில் தனியாக இருந்துகொண்டு, பழைய மைவி காரைத் தானே ஓட்டிக்கொண்டு வருவார். அவர் போடுகிற டிக் எப்போதும் ஒன்றே ஒன்று. நாற்காலி. அவர் வாயில் அது கதிரை.

குமுதாவுக்கு நாற்காலிதான் தலைவலி. மற்ற சாமானெல்லாம் மாடியிலேயே இருக்க, நாற்காலிகள் மட்டும் கீழே சேலைக்கடையின் பின்னறையில் கிடந்தன. அங்கிருந்து மாடிக்கு இருபத்துமூன்று மரப்படி. ஏணி மாதிரி செங்குத்தான படிகள்.

தைப்பூசம் முடிந்து வந்த சனிக்கிழமை அது. இரண்டு நாளைக்கு முன்னால்தான் குமுதா தலையில் பால்குடத்தோடு தண்ணீர்மலை ஏறியிருந்தாள். ஐந்நூறு படிக்கு மேல், வெறுங்காலில், முகம் சுளிக்காமல். அதன் பலனாக முட்டி பன்னு மாதிரி வீங்கியிருந்தது. காலையில் எட்டு மணிக்கு வந்து பட்டியலைத் திறந்தால் பதினோரு பேர், ஒரே ஒரு நாற்காலி, வள்ளிநாயகி ஆன்ட்டியுடையது.

படிக்கட்டின் உச்சியில் நின்று கீழே பார்த்தாள். போன மூன்று வாரமும் வகுப்பின் தொடக்கத்தில் அவள் பார்த்ததுதான்: ஆன்ட்டி அந்த நாற்காலியில் உட்காரவே இல்லை. கைப்பையை அதன்மேல் வைத்துவிட்டு எல்லாரையும்போல மேட்டில்தான் இருந்தார். 'ஒரு கைப்பைக்குச் சிம்மாசனமா லா?' என்று அவளுக்குள் ஒரு எரிச்சல் வந்தது. வகுப்பின் கடைசிப் பத்து நிமிஷத்தில், ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லும்போது, ஆன்ட்டி இரண்டு விரலை அந்த நாற்காலியின் முதுகில் வைத்துக்கொண்டுதான் நிற்பார் என்பது குமுதாவுக்குத் தெரியாது. அந்த நேரம் அவள் முகப்பு மேசையில் டவல் மடித்துக்கொண்டிருப்பாள்.

சரி, முட்டி வலித்தது, தூக்க முடியவில்லை. அதைச் சொல்லியிருந்தால் யார் அவளைத் தூக்கில் போடப்போகிறார்கள்? ஆன்ட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், ஷஹீராவை ஒரு கை பிடிக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் தாளில் நாற்காலி இருந்து தரையில் இல்லாவிட்டால் சிவப்பு விழும். அது மட்டும் அவளால் ஆகாது. மேசையிலிருந்த டேப்லட்டை எடுத்து, வள்ளிநாயகி என்ற பெயருக்கு நேரே இருந்த டிக்கைத் தொட்டாள். டிக் போய்விட்டது. தாளும் தரையும் ஒத்துப்போயின.

ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஆன்ட்டி மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"குமுதா, பிள்ளை, என்ர கதிரையைக் காணேல்லையே?"

"இன்னைக்கு நீங்க டிக் போடலையே ஆன்ட்டி."

நாக்கு குழறவில்லை, கண் தாழவில்லை. எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! ஆன்ட்டி கைப்பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஃபோனைத் திறந்து பார்த்தார். அதிலும் டிக் இல்லை. யார் எடுத்தது என்பதெல்லாம் அந்த ஃபோனில் தெரியாது.

"போட்டனான் எண்டுதான் நினைச்சன்," என்றார் மெதுவாக. "ஓம், இல்லைத்தான்."

"வேணும்னா இப்ப எடுத்துட்டு வரட்டுமா ஆன்ட்டி?"

"வேண்டாம், வேண்டாம். பிழை என்ரதானே. நீ நொண்டுறாய் பிள்ளை, அந்தக் காலோட படி ஏறி இறங்காத. பேசாம இரு."

குமுதாவுக்குச் சுருக்கென்றது. அப்போதாவது இறங்கிப் போயிருக்கலாம். போகவில்லை.

வகுப்பு முடிய எட்டு நிமிஷம் இருக்கும்போது உள்ளே தொப்பென்று ஒரு சத்தம். டவலைப் போட்டுவிட்டு ஓடினாள். வள்ளிநாயகி பக்கவாட்டில் விழுந்துகிடந்தார், வலது கை அடியில் மடங்கியிருந்தது. மணிக்கட்டு. ஷஹீரா காரை எடுக்க, குமுதா பின்சீட்டில் ஆன்ட்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வலிக்கிறது என்று ஒரு தடவைகூட அந்த மனுஷி சொல்லவில்லை. "போட்டனான் எண்டு நினைச்சனே," என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்.

திரும்பி வந்து விபத்துப் படிவம் எழுதும்போது ஷஹீரா டேப்லட்டைப் பார்த்தாள். "லிஸ்ட்ல நாற்காலியே இல்லயேக்கா. பாவம், மறந்துட்டாங்க போல."

குமுதா தலையை ஆட்டினாள். வாயைத் திறக்க வேண்டிய இடம் அதுதான். நாற்பத்தொன்பது வயதில் இந்த வேலையும் போனால் எங்கே போய் நிற்பது என்ற ஒரே பயம், வாயில் துணியை வைத்து அடைத்த மாதிரி அடைத்துவிட்டது.

பத்து நாள் கழித்து ஒரு டின் மைலோவும் கொஞ்சம் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிரீன் லேனுக்குப் போனாள். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். கேட்டைத் திறந்து நாலு எட்டு வைத்ததும் அந்தத் துணிவெல்லாம் ஓடிப்போனது.

வாசல் கதவில் மஞ்சள் தாள் ஒன்று ஒட்டியிருந்தது: 'பூட்டினாயா?' கூடத்து விசிறிச் சுவிட்சுக்குப் பக்கத்தில் இன்னொன்று. அடுப்பங்கரையில் 'கேஸ்', 'குழாய்', 'பின்கதவு'. மருந்து டப்பாவில் கிழமைகள். எல்லாம் இடது கையால் எழுதிய கோணல் எழுத்து. கோப்பு அட்டைகளில் அச்சடித்த மாதிரி எழுதின கையில் மாவுக்கட்டு.

சுபாங்கிலிருந்து வந்திருந்த அனுஜா தேநீர் கொடுத்துக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அம்மாட அக்கா ஒருத்தர் ஈப்போவில இருந்தவா. அவவுக்கும் இப்படிச் சின்ன மறதியிலதான் தொடங்கினது. கடைசியில பெத்த பிள்ளையையே ஆர் எண்டு கேட்டவா. அம்மா அவவைப் பக்கத்தில இருந்து பார்த்தவா, அதான் இப்படிப் பயந்துபோனா. ஃபோன்ல மறதிக்கு ஒரு டெஸ்ட் இருக்கு. மணிக்கூடு கீறச் சொன்னன், முள்ளெல்லாம் எங்கேயோ போயிட்டுது. நான் கார் சாவியை எடுத்து வச்சிட்டன்."

இடது கையால் யார் கடிகாரம் வரைந்தாலும் முள் எங்கேயோதான் போகும் என்று குமுதாவுக்குச் சொல்லத் தோன்றியது. ஆனால் அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும்.

வள்ளிநாயகி அறையிலிருந்து வந்து எதிரே உட்கார்ந்தார். பத்து நாளில் பத்து வயது கூடியிருந்தது. கேட்க வெட்கப்படுகிறவர் மாதிரி கேட்டார்.

"பிள்ளை, நீதானே லிஸ்டைப் பார்க்கிறனீ. அண்டைக்கு என்ர பேருக்கு நேரா கதிரை இருக்கேல்லைத்தானே? வடிவா யோசிச்சுச் சொல்லு."

கடவுள் ஒரு கதவைத் திறந்து, இதோ வா என்று கூப்பிடுகிற மாதிரியான கேள்வி. அனுஜா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"இல்ல ஆன்ட்டி," என்றாள் குமுதா.

வள்ளிநாயகி தலையை ஆட்டிக்கொண்டார். ஒரு கடைசித் தீர்ப்பைக் கேட்டுவிட்டவர் மாதிரி எழுந்து உள்ளே போனார். முதல் பொய்யாவது முட்டி வலியில் வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதுக்கு என்ன சாக்கு? சீ, நீயும் ஒரு பொம்பளையா என்று வீடு போய்ச் சேரும்வரை தன்னைத்தானே திட்டிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வேலைக்குப் போகும் வழியில் தண்ணீர்மலைப் பக்கம் கண் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முருகனுக்காக ஐந்நூறு படி ஏறினவளுக்கு ஒரு வயதானவளுக்காக இருபத்துமூன்று படி ஏற முடியவில்லையா என்று யாரும் கேட்கவில்லைதான். அவள் காதில் மட்டும் அது கேட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலையில் ஷஹீரா மேசைக்கு வந்து, "வள்ளிநாயகி ஆன்ட்டி பேர எடுத்துடுங்கக்கா," என்றாள். "மக கூட்டிட்டுப் போறாங்களாம். ஞாயித்துக்கிழம கிளம்புறாங்க. வீட்ட வாடகைக்கு விடப்போறாங்க. தனியா இருக்கிற நெலம இல்லன்னு ஆன்ட்டியே சொல்லிட்டாங்களாம்."

குமுதா டேப்லட்டைத் திறந்தாள். பெயரை எடுப்பதற்குப் பதிலாக, வேலை செய்கிறவர்கள் மட்டும் பார்க்கக்கூடிய மாற்றப் பதிவைத் திறந்தாள். அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டே வரி. வெள்ளி மாலை 5.08, நாற்காலி சேர்க்கப்பட்டது: வள்ளிநாயகி. சனி காலை 8.12, நாற்காலி நீக்கப்பட்டது: குமுதா. அதைத் தன் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டாள். பிறகு ஷஹீராவிடம் அரைநாள் விடுப்புக் கேட்டாள்.

கிரீன் லேன் வீட்டுக் கூடம் முழுக்கப் பெட்டிகள். வள்ளிநாயகி நடுவில் உட்கார்ந்து, எந்தப் பெட்டியில் என்ன என்று இடது கையால் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். குமுதா செருப்பைக் கழற்றினாளா இல்லையா என்பதுகூட அவளுக்கு நினைவில்லை.

"ஆன்ட்டி, நீங்க டிக் போட்டீங்க."

"என்ன?"

"அன்னைக்கு, நாற்காலிக்கு. நீங்க போட்டுத்தான் இருந்தீங்க. நான்தான் எடுத்தேன். முட்டி வலின்னு, தூக்கிட்டு ஏற முடியலன்னு, என் லிஸ்ட்ல செவப்பு விழக்கூடாதுன்னு எடுத்துட்டேன். எடுத்துட்டு நீங்க போடலன்னு பொய் சொன்னேன். இங்க வந்தப்ப நீங்க கேட்டீங்க, அப்பவும் பொய் சொன்னேன்."

வள்ளிநாயகி பேனாவைக் கீழே வைத்தார். "திரும்பச் சொல்லு."

சொன்னாள்.

"அனுஜா! இஞ்ச வா. இவள் சொல்லுறதைக் கேள். நீ திரும்பச் சொல்லு பிள்ளை."

ஒட்டுநாடாவும் கையுமாக வந்து நின்ற அனுஜாவுக்கு எதிரில் குமுதா மூன்றாம் தடவையாகச் சொன்னாள். ஃபோனை நீட்டினாள். வள்ளிநாயகி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"அஞ்சு எட்டு," என்றார். "பின்னேரம் அஞ்சு எட்டு. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போட்டனான். எனக்கு ஞாபகம் இருந்தது."

"உங்களுக்கு மனசாட்சி எண்டு ஒண்டு இருக்கா?" என்று அனுஜா கத்தினாள். "நான் என்ர அம்மாட கையில இருந்து கார் சாவியைப் பறிச்சனான்! ஒவ்வொரு நாளும் இண்டைக்கு என்ன கிழமை எண்டு கேட்டனான்!" கத்தினவள் அப்படியே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

வள்ளிநாயகி அழவும் இல்லை, கத்தவும் இல்லை. அவர் பேசினபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"கை உடைஞ்சதுக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன். எலும்பு கூடிப்போகும். ஆனா மூண்டு கிழமையா விடிய எழும்பினதும் இண்டைக்கு எது போச்சு, இண்டைக்கு எது போச்சு எண்டு என்ர தலையையே சோதிச்சுக்கொண்டு இருந்தனான். அக்காட முகம்தான் கண்ணுக்குள்ள நிண்டது. நீ என்ர மற்றக் கையையும் உடைச்சிருக்கலாம் பிள்ளை. இதைச் செய்திருக்க வேண்டாம்."

பிறகு எழுந்து போய் வாசல் கதவில் இருந்த மஞ்சள் தாளை உரித்தார். அடுத்து விசிறிச் சுவிட்சில் இருந்ததை. ஒற்றைக் கையால் உரிக்கக் கஷ்டப்படுவதைப் பார்த்து குமுதா அடுப்பங்கரைத் தாளை எடுக்கப் போனாள்.

"நீ தொடாத," என்றார்.

அவர் சுபாங் போகவில்லை. சாவி கைக்கு வந்தது. ஷஹீராவிடம் குமுதா அன்று மாலையே எல்லாவற்றையும் சொன்னாள். ஷஹீரா இரண்டு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், பட்டியலை அவள் பார்க்கலாம், மாற்ற முடியாது என்று டேப்லட்டில் மாற்றி வைத்துவிட்டாள். கீழே இருந்த நாற்காலிகளில் இரண்டு மாடிக்கு வந்தன. அந்த மாதப் பட்டியலில் குமுதா தானே கேட்டு ஒரு சிவப்பைப் போட வைத்தாள்.

மாவுக்கட்டு பிரித்து, கைக்குப் பயிற்சியெல்லாம் முடிந்து, இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மாலை குமுதாவின் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஸ்டூடியோவின் பதிவுப் பக்கம். வள்ளிநாயகி, சனி ஒன்பது மணி, நாற்காலி. டிக்கைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம். ஒரு வார்த்தைகூட இல்லை. மணி ஐந்து எட்டு.

குமுதா அதைக் குத்திக்காட்டல் என்றே நினைத்தாள். அடி வாங்க வேண்டியவள்தானே என்று வாங்கிக்கொண்டாள். மறுநாள் எட்டு மணிக்கெல்லாம் முதல் வேலையாக நாற்காலியைத் துடைத்து ஆன்ட்டியின் இடத்தில் வைத்தாள். ஆன்ட்டி வந்து, நாற்காலியைத் தொட்டுப் பார்த்து, "பசியாறினியா?" என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டு வகுப்புக்குப் போனார். அடுத்த வெள்ளியும் அதே நேரத்துக்குப் படம் வந்தது. அதற்கடுத்த வெள்ளியும் வந்தது.

ஐந்தாவது வாரம் அவளால் தாங்க முடியவில்லை. வகுப்பு முடிந்து ஆன்ட்டி செருப்பு மாட்டும்போது பக்கத்தில் போய் நின்றாள்.

"ஆன்ட்டி, இன்னும் என்மேல கோவமா? இனிமே நான் நெனச்சாலும் எடுக்க முடியாது ஆன்ட்டி. சத்தியமா."

வள்ளிநாயகி நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. தெரியாமல் எதையோ காட்டிக்கொடுத்துவிட்ட சங்கடம்தான் இருந்தது.

"கோவத்தில அனுப்பேல்லை பிள்ளை. நீ எடுக்கமாட்டாய், அது எனக்குத் தெரியும். நான் போட்டனானோ எண்டுதான் எனக்குச் சந்தேகம். போட்டுட்டுப் பார்ப்பன், இருக்கும். பத்து நிமிஷத்தில திரும்பவும் போட்டனானோ எண்டு வரும். முந்தி எனக்கு அப்படி வாறேல்லை. ஆராவது இன்னொராளும் பார்த்தா நிம்மதியா இருக்கு. அதுக்குத்தான் உனக்கு அனுப்புறன்."

சொல்லிவிட்டு, ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படி இறங்கினார். குமுதா மேலேயே நின்றாள்.

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை ஐந்து மணியானால் அவள் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்வதில்லை. ஃபோனை மேசையில் எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். படம் வந்ததும், ஆன்ட்டி ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக் கூடாது என்று உடனே பதில் எழுதுவாள்: "போட்டிருக்கீங்க ஆன்ட்டி. நான் பாத்துட்டேன்."